கிளைடுரெக்கார்டு

கிளைடுரெக்கார்டு என்பது சர்வீஸ்நவ் என்னும் வணிக மென்பொருள் தளத்தில், வழங்கியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் தரவுத்தளத்தை வினவுவதற்கும், பதிவுகளைச் சேர்ப்பதற்கும், திருத்துவதற்கும், நீக்குவதற்கும் பயன்படுத்தும் இனக்குழு ஆகும். இத்தளத்தில் நிரல் எழுதுபவர் பொதுவாக எஸ்கியூஎல் கூற்றுகளைத் தாமே எழுதுவதில்லை. எந்த அட்டவணை, என்னென்ன நிபந்தனைகள் என்பவற்றை ஒரு கிளைடுரெக்கார்டு பொருளிடம் தெரிவிக்கிறார். அதற்குரிய எஸ்கியூஎல் கூற்றைத் தளமே அமைத்துத் தரவுத்தளத்துக்கு அனுப்பி, கிடைத்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் தருகிறது.

நான்கைந்து கட்டளைகளை மட்டும் அறிந்தவர்கூட ஒரே நாளில் இதனைக் கையாளத் தொடங்கிவிடலாம். இந்த எளிமையே இதன் பரவலான பயன்பாட்டுக்குக் காரணம். எனினும், தவறான புலப்பெயர் கொண்ட நிபந்தனையைப் பிழை என்று நிறுத்தாமல், அந்த நிபந்தனையை மட்டும் கைவிட்டு வினவலைத் தொடர்ந்து நடத்தும் இயல்பு இதற்கு உண்டு. ஓர் எழுத்துப்பிழையால் அட்டவணை முழுவதும் மாற்றப்படவோ அழிக்கப்படவோ கூடும் என்பதால், இதனைக் கற்போர் முதலில் அறிய வேண்டியது இதுவே.

இக்கட்டுரையில் கட்டளைகளின் பெயர்கள் தமிழில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. உண்மையான நிரலில் அவை இலத்தீன் எழுத்துகளில், பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டுடன் எழுதப்பட வேண்டும்.

பெயரும் பின்னணியும்

பெரிகிரின் சிஸ்டம்ஸ் நிறுவனத்தில் தலைமைத் தொழினுட்ப அதிகாரியாக இருந்த ஃபிரெட் லட்டி, 2004 இல் கலிபோர்னியாவில் கிளைடுசாஃப்ட் என்ற நிறுவனத்தைப் பதிவு செய்தார். 2006 இல் அதன் பெயர் சர்வீஸ்நவ் என்று மாறியது. 2012 ஜூனில் அதன் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன. நிறுவனத்தின் பெயர் மாறினாலும் பழைய பெயரின் முற்பகுதி நிரலாக்க இடைமுகத்தில் அப்படியே தங்கிவிட்டது. கிளைடுரெக்கார்டு, கிளைடுஅக்ரிகேட், கிளைடுஅஜாக்ஸ் என்று இனக்குழுக்களின் பெயர்கள் 'கிளைடு' எனத் தொடங்குவது இதனால்தான்.

சர்வீஸ்நவ் தளம் ஜாவா மொழியில் எழுதப்பட்டது. அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்குவது ரைனோ எனப்படும் பொறியாகும். இது நெட்ஸ்கேப் நிறுவனத்தில் 1997 இல் தொடங்கப்பட்டு, பின்னர் மொசில்லா திட்டத்தின் கீழ்த் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. (ரைனோ என்றால் காண்டாமிருகம். ஓ'ரைலி பதிப்பகத்தின் புகழ்பெற்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலின் அட்டையில் உள்ள விலங்கு அது.) ஆகவே கிளைடுரெக்கார்டு என்பது ஜாவாஸ்கிரிப்ட் தோற்றத்தில் தெரியும் ஒரு ஜாவா பொருள். இதனால் விளையும் ஒரு குழப்பம் கீழே விளக்கப்பட்டுள்ளது.

தளத்தின் பதிப்புகளுக்கு ஆங்கில அகரவரிசையில் நகரங்களின் பெயர்கள் சூட்டப்பட்டு வந்தன. 2016 இல் வந்த ஹெல்சிங்கி பதிப்பில் எக்மாஸ்கிரிப்ட் 5 ஆதரவும், 2022 இல் வந்த டோக்கியோ பதிப்பில் எக்மாஸ்கிரிப்ட் 2021 இன் கூறுகளும் வழங்கிப்பக்க நிரல்களுக்குக் கிடைத்தன. அடியில் உள்ள தரவுத்தளம் தொடக்கத்தில் மைஎஸ்கியூஎல் ஆகவும் பின்னர் மாரியாடிபி ஆகவும் இருந்தது. 2024 இல் ராப்டர்டிபி என்னும் சொந்தத் தரவுத்தளப் பொறியையும் இந்நிறுவனம் அறிவித்தது. இம்மாற்றங்களுக்கு இடையிலும் கிளைடுரெக்கார்டைக் கொண்டு எழுதிய நிரல்களைத் திருப்பி எழுத வேண்டிய தேவை பெரும்பாலும் ஏற்படவில்லை. தரவுத்தளத்துக்கும் நிரலுக்கும் நடுவே ஓர் அடுக்கு இருப்பதன் பயன் இது.

அட்டவணைகளின் அமைப்பு

இத்தளத்தில் ஏறத்தாழ எல்லாமே அட்டவணையில் ஒரு பதிவுதான். பயனர்களின் புகார்கள், அலுவலகக் கணினிகள், பயனர் கணக்குகள் ஆகியவை மட்டுமல்லாது, நிரல்களும் படிவங்களின் அமைப்பும்கூட அட்டவணைகளிலேயே சேமிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் 'சிஸ்_ஐடி' எனப்படும் 32 எழுத்து நீளமுள்ள பதினறும எண் அடையாளமாகத் தரப்படுகிறது.

அட்டவணைகளுக்கு இடையே மரபுரிமம் உண்டு. 'டாஸ்க்' என்பது பொதுவான பணி அட்டவணை. புகார்களுக்கான 'இன்சிடென்ட்', மூலச் சிக்கல்களுக்கான 'பிராப்ளம்', மாற்றக் கோரிக்கைகளுக்கான 'சேஞ்ச்_ரிக்வெஸ்ட்' ஆகியவை அதிலிருந்து கிளைத்தவை. எனவே 'டாஸ்க்' அட்டவணையை வினவினால் அதன் கிளை அட்டவணைகளின் பதிவுகளும் சேர்ந்தே கிடைக்கும். புகார்களை மட்டும் மாற்ற எண்ணித் தாய் அட்டவணையில் நிரலை ஓட்டினால், மாற்றக் கோரிக்கைகளும் சேர்ந்து மாறிவிடும்.

ஓர் அட்டவணையின் புலம் மற்றோர் அட்டவணையின் பதிவைச் சுட்டுவதாக இருந்தால், புள்ளி இட்டு அதன் வழியே அடுத்த அட்டவணைக்குச் செல்லலாம். புகார் கொடுத்தவர், அவருடைய துறை, அத்துறையின் பெயர் என மூன்று படிகளை ஒரே வரியில் கடக்க முடியும். இதனைப் புள்ளிநடை என்பர். எஸ்கியூஎல் மொழியில் இதற்கு இரண்டு அட்டவணை இணைப்புகளை எழுத வேண்டியிருக்கும்.

வினவும் முறை

ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இதனை விளக்கலாம். ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பணியாற்றிய ஒருவர் பணியிலிருந்து விலகுகிறார். அவர் பெயரில் ஒதுக்கப்பட்டு இன்னும் முடிவுறாமல் உள்ள எல்லாப் புகார்களையும் அவருடைய குழுத் தலைவருக்கு மாற்ற வேண்டும்.

முதலில் 'இன்சிடென்ட்' என்ற அட்டவணைப் பெயரைக் கொடுத்து ஒரு புதிய கிளைடுரெக்கார்டு பொருளை உருவாக்க வேண்டும். அடுத்து 'ஆட்குவெரி' என்னும் வழிமுறையால் நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும். 'ஆக்டிவ்' என்ற புலம் 'உண்மை' என்ற மதிப்பைக் கொண்டிருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. 'அசைன்ட்_டு' என்ற புலத்தில் விலகுபவரின் சிஸ்_ஐடி இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டு உள்ளீடுகள் மட்டும் கொடுத்தால் அவை சமம் என்று பொருள். புலத்துக்கும் மதிப்புக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு செயற்குறியைக் கொடுத்தால் பெரியது, சிறியது, தொடங்குகிறது, உள்ளடக்குகிறது போன்ற ஒப்பீடுகளைச் செய்யலாம். அடுத்தடுத்துச் சேர்க்கப்படும் நிபந்தனைகள் 'மற்றும்' என்ற உறவில் இணைகின்றன.

இதுவரை தரவுத்தளத்துக்கு எதுவும் அனுப்பப்படவில்லை. 'குவெரி' என்ற வழிமுறையை அழைக்கும்போதே வினவல் நடைபெறுகிறது. அப்போதும் பொருள் முதற்பதிவில் நிற்பதில்லை. அதற்கு முன்னால் நிற்கிறது. 'நெக்ஸ்ட்' என்று அழைத்தால் அடுத்த பதிவுக்கு நகர்ந்து 'உண்மை' என்ற விடையைத் தரும். பதிவுகள் தீர்ந்ததும் 'பொய்' என்று தரும். ஆகவே 'நெக்ஸ்ட்' உண்மையாக உள்ளவரை சுழலும் ஒரு மடக்கை எழுதி, அதனுள் 'செட்வேல்யூ' வழிமுறையால் புதிய பெயரை இட்டு, 'அப்டேட்' வழிமுறையால் சேமித்தால் பணி முடிந்தது. ஏழெட்டு வரிகளுக்கு மேல் தேவைப்படாது.

ஒரே ஒரு பதிவு போதும் என்றால், அதன் சிஸ்_ஐடியைக் கொடுத்து 'கெட்' வழிமுறையை அழைக்கலாம். பல நிபந்தனைகளை ஒரே சரமாகத் தொகுத்து 'ஆட்என்கோடட்குவெரி' மூலம் கொடுப்பதும் வழக்கம். அச்சரத்தில் ^ என்ற குறி நிபந்தனைகளை இணைக்கிறது. திரையில் தெரியும் பட்டியலில் வடிகட்டியை அமைத்துவிட்டு, அதற்குரிய சரத்தை அங்கிருந்தே நகலெடுத்துக்கொள்ளலாம். புலப்பெயர்களை நினைவிலிருந்து தட்டச்சு செய்வதைவிட இது பாதுகாப்பானது. ஆனால் பயனர் உள்ளிட்ட சொற்களை அப்படியே அச்சரத்தில் ஒட்டுவது கூடாது. பயனர் தம் உள்ளீட்டில் ^ குறியையும் அதனை அடுத்து ஒரு புதிய 'அல்லது' நிபந்தனையையும் சேர்த்தால் வினவலின் பொருளே மாறிவிடும். எஸ்கியூஎல் உட்செலுத்தல் எனப்படும் தாக்குதலின் சிறிய வடிவம் இது.

கைவிடப்படும் நிபந்தனை

மேற்கண்ட எடுத்துக்காட்டில் 'அசைன்ட்_டு' என்ற புலப்பெயரில் ஓர் எழுத்து விடுபட்டுவிட்டதாகக் கொள்வோம். அப்படி ஒரு புலம் அட்டவணையில் இல்லை. எஸ்கியூஎல் கூற்றை நேரடியாக எழுதியிருந்தால், அத்தகைய நெடுவரிசை இல்லை என்ற பிழைச்செய்தியுடன் தரவுத்தளம் வினவலை மறுத்திருக்கும். கிளைடுரெக்கார்டு அவ்வாறு செய்வதில்லை. செல்லாத நிபந்தனையை விட்டுவிட்டு, செல்லும் நிபந்தனைகளைக் கொண்டு மட்டும் வினவலை நடத்துகிறது. செல்லாத வினவல் கண்டறியப்பட்டது என்ற குறிப்பு முறைமைப் பதிவேட்டில் எழுதப்படும். ஆனால் நிரல் நிற்காது.

நமது எடுத்துக்காட்டில் எஞ்சுவது 'ஆக்டிவ்' என்ற ஒரே நிபந்தனை. எனவே விலகுபவரின் இருபது புகார்கள் அல்ல, நிறுவனம் முழுவதிலும் முடிவுறாமல் உள்ள ஒவ்வொரு புகாரும் அந்த ஒரு குழுத் தலைவரின் பெயருக்கு மாறிவிடும். மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் அனுப்பும்படி தளம் அமைக்கப்பட்டிருந்தால் அவருடைய அஞ்சற்பெட்டியும் நிரம்பும். ஒரு பதிவில் யார் பெயர் முன்பு இருந்தது என்பதைத் தணிக்கை வரலாற்றிலிருந்து திரட்டி மீண்டும் இட வேண்டியிருக்கும்.

'ஆக்டிவ்' நிபந்தனையும் இல்லாமல் ஒற்றை நிபந்தனையே இருந்து அதுவும் செல்லாமற் போனால், வினவல் அட்டவணையின் எல்லாப் பதிவுகளையும் தரும். மடக்குக்குப் பதிலாக 'டெலீட்மல்டிபிள்' என்ற வழிமுறை அழைக்கப்பட்டிருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த இயல்பைப் பற்றியும், இதனால் தரவு இழப்பு நேரலாம் என்பதைப் பற்றியும் சர்வீஸ்நவ் நிறுவனத்தின் ஆவணங்களே எச்சரிக்கின்றன.

இவ்வியல்புக்கு ஆதரவாகவும் ஒன்றைச் சொல்லலாம். வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் தம் அட்டவணைகளில் புலங்களைச் சேர்க்கவும் நீக்கவும் கூடிய ஒரு தளத்தில், யாரோ ஒருவர் ஒரு புலத்தை நீக்கியதும் அதனைக் குறிப்பிடும் பட்டியல்களும் அறிக்கைகளும் அனைத்தும் முறிந்துபோவதைவிட, சற்றுக் கூடுதலான பதிவுகளைக் காட்டுவது மேல் எனத் தோன்றலாம். படிப்பதற்கு மட்டும் உள்ள வினவலுக்கு இது ஓரளவு பொருந்தும். எழுதும் வினவலுக்கும் அதே விதியை வைத்திருப்பதுதான் இடர்.

இதனைத் தவிர்க்கச் சில வழிகள் உண்டு. 'கிளைடு.இன்வேலிட்_குவெரி.ரிட்டர்ன்ஸ்_நோ_ரோஸ்' என்ற முறைமைப் பண்பை 'உண்மை' என மாற்றினால், செல்லாத நிபந்தனை உள்ள வினவல் ஒரு பதிவையும் தராது. ஆயினும் ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் ஓடிவரும் நிறுவலில் இதனை மாற்றினால், இதுவரை தவறான நிபந்தனையோடும் ஓடிக்கொண்டிருந்த பழைய நிரல்கள் திடீரென எதையும் கண்டறியாமல் போகலாம் என்பதால், சோதனை நிறுவலில் முதலில் பார்ப்பது நன்று. 'இஸ்வேலிட்ஃபீல்டு' என்ற வழிமுறையால் புலம் உள்ளதா என்று நிரலே சரிபார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட எளியது, பதிவுகளை மாற்றும் முன் அதே நிபந்தனைகளுக்கு எத்தனை பதிவுகள் கிடைக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதாகும். இருபது வர வேண்டிய இடத்தில் மூவாயிரம் வந்தால் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

நிருவாகிகள் நிரலைத் தட்டச்சு செய்து உடனே இயக்கும் பின்னணி நிரல் பக்கத்தில், நிரல் செய்த மாற்றங்களைப் பின்னர் மீட்டெடுக்கும் வகையில் பதிந்து வைக்கும் தெரிவு உண்டு. அவசரத்தில் அதனைத் தேர்வு நீக்கம் செய்வது நல்ல வழக்கம் அன்று.

நிபந்தனையை மறந்து அட்டவணை முழுவதையும் மாற்றுவது கிளைடுரெக்கார்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. எஸ்கியூஎல் கூற்றில் 'வேர்' பகுதியை எழுத மறந்தாலும் இதே நிலைதான். மைஎஸ்கியூஎல் கட்டளைக் கருவியில் அத்தகைய கூற்றுகளைத் தடுக்கும் பாதுகாப்புத் தெரிவுக்கு, 'நான் ஒரு முட்டாள்' என்று பொருள்படும் மாற்றுப்பெயரும் வேடிக்கையாக வைக்கப்பட்டுள்ளது. வேறுபாடு யாதெனில், அங்கே நிபந்தனையை எழுதாதவர் மாட்டிக்கொள்கிறார். இங்கே எழுதியவரே மாட்டிக்கொள்கிறார்.

ஒரே பொருள், மூன்று பணிகள்

மார்ட்டின் ஃபௌலர் 2002 இல் வெளியிட்ட நூலில், தரவுத்தளத்தின் ஒரு வரிசையையும் அதனைச் சேமிக்கும் நிரலையும் ஒரே பொருளில் அடக்கும் முறைக்கு 'ஆக்டிவ் ரெக்கார்டு' என்று பெயரிட்டார். கிளைடுரெக்கார்டு அதனை ஒத்தது; ஆனால் ஒருபடி மேலே சென்று, வினவலைத் தாங்குவது, விடைகளின் ஊடே நகர்வது, நடப்புப் பதிவாக நிற்பது ஆகிய மூன்று பணிகளையும் ஒரே பொருளே செய்கிறது.

தொடக்க நிலையினர் பெரும்பாலும் ஒருமுறையேனும் செய்யும் பிழை இதிலிருந்தே பிறக்கிறது. மடக்கினுள் ஒவ்வொரு பதிவின் சிஸ்_ஐடி புலத்தையும் புள்ளியிட்டு எடுத்து ஓர் அணியில் சேர்த்தால், இறுதியில் அணியின் எல்லா உறுப்புகளும் கடைசிப் பதிவின் எண்ணையே காட்டும். புள்ளியிட்டு எடுக்கும்போது கிடைப்பது சரம் அன்று; நடப்புப் பதிவின் அப்புலத்தைச் சுட்டும் ஒரு பொருள். பதிவு நகர்ந்தால் அது சுட்டும் மதிப்பும் நகர்ந்துவிடும். 'கெட்வேல்யூ' வழிமுறையைப் பயன்படுத்தினால் அந்நேரத்து மதிப்பு சரமாகக் கிடைக்கும். திரையில் காட்டுவதற்குரிய பெயர் வேண்டுமெனில் 'கெட்டிஸ்பிளேவேல்யூ' உதவும். பயனர் புலத்தில் முதலாவது 32 எழுத்து எண்ணையும், இரண்டாவது அவருடைய பெயரையும் தரும்.

'நெக்ஸ்ட்' என்ற பெயரிலேயே ஒரு புலம் அட்டவணையில் இருந்தால் வழிமுறையும் புலமும் மோதிக்கொள்ளும். அதற்காகவே அடிக்கோட்டுடன் தொடங்கும் '_நெக்ஸ்ட்' என்ற மாற்று வழிமுறையும் தரப்பட்டுள்ளது.

வணிக விதிகளும் தணிக்கையும்

ஒரு பதிவு சேமிக்கப்படும் முன்னரோ பின்னரோ தானாக இயங்கும் நிரல் வணிக விதி எனப்படுகிறது. கிளைடுரெக்கார்டின் மூலம் செய்யப்படும் மாற்றங்களும் இவ்விதிகளை எழுப்பும். சேமிப்பதற்கு முன் இயங்கும் விதிக்குள் நடப்புப் பதிவின் மீதே 'அப்டேட்' என்று அழைப்பது தேவையற்றது. விதி தன்னைத் தானே மீண்டும் எழுப்பிக்கொள்ளும் நிலைக்கும் இட்டுச்செல்லும். மதிப்பை இட்டால் போதும், தளமே சேமித்துக்கொள்ளும்.

பெருந்தொகையான பதிவுகளைத் திருத்தும்போது மின்னஞ்சல்கள் பறக்காமல் இருக்க, 'செட்வொர்க்ஃப்ளோ' வழிமுறையில் 'பொய்' என்று கொடுத்து வணிக விதிகளை நிறுத்திவைப்பது வழக்கம். பலர் கவனிக்கத் தவறுவது, இது தணிக்கைப் பதிவையும் சேர்த்தே நிறுத்துகிறது என்பதாகும். கடைசியாகத் திருத்தியவர், திருத்திய நேரம் ஆகிய புலங்களை மாறாமல் வைக்கும் 'ஆட்டோசிஸ்ஃபீல்ட்ஸ்' வழிமுறையும் உடன் பயன்படுத்தப்பட்டால், மாற்றம் நடந்ததற்கான தடயமே பதிவில் இராது. முற்பகுதியில் கூறிய எழுத்துப்பிழை இவ்விரண்டோடும் சேர்ந்தால், பழைய மதிப்பைத் தேடிப் பிடிக்கக் காப்புநகல் தவிர வேறு வழி இருக்காது.

அணுகல் உரிமை

கிளைடுரெக்கார்டு, நிரலை எழுப்பிய பயனருக்கு உள்ள அணுகல் கட்டுப்பாட்டு விதிகளைத் தானாகச் சரிபார்ப்பதில்லை. நிரல் தளத்தின் ஒரு பகுதி, எனவே நம்பத்தக்கது என்ற அடிப்படையில் அது அமைந்துள்ளது. ஆகவே சாதாரணப் பயனர் ஒருவர் பார்க்கக்கூடாத சம்பளப் புலத்தை, அவருக்காக இயங்கும் நிரல் படித்து அவருடைய திரைக்கே அனுப்பிவிடக்கூடும். இதனைத் தடுக்க 'கேன்ரீட்' போன்ற வழிமுறைகளால் ஒவ்வொரு பதிவையும் சரிபார்க்கலாம். அல்லது விதிகளைத் தானே பின்பற்றும் 'கிளைடுரெக்கார்டுசெக்யூர்' இனக்குழுவைப் பயன்படுத்தலாம். பயனரின் உள்ளீட்டை நேரடியாகப் பெறும் நிரல்களில் இரண்டாவதே தக்கது.

ஆனால் வினவலுக்கு முன் இயங்கும் வணிக விதிகள் கிளைடுரெக்கார்டையும் கட்டுப்படுத்தும். எடுத்துக்காட்டாக, கணினிப் பிரிவின் பொறுப்பு இல்லாத பயனர்களுக்குத் தம்முடைய புகார்கள் மட்டுமே தெரியும்படி செய்யும் விதி இத்தளத்துடனேயே வருகிறது. நிருவாகியின் கணக்கில் சரியாக ஓடிய நிரல், வேறு ஒருவரின் கணக்கில் பதிவு எதையும் காணாமல் திரும்பினால் முதலில் ஐயுற வேண்டியது இத்தகைய விதியையே.

வினவலே தகவலைக் கசியவிடக்கூடும் என்பதற்கு 2025 ஜூலையில் வெளியான ஒரு பாதுகாப்புக் குறைபாடு சான்றாகும். வரோனிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்த இதில், பட்டியலில் பதிவுகள் மறைக்கப்பட்டாலும் அவற்றின் எண்ணிக்கை தெரிந்தது. நிபந்தனையை எழுத்து எழுத்தாக மாற்றி வினவி, எண்ணிக்கை எப்போது மாறுகிறது என்று பார்ப்பதன் மூலம் மறைக்கப்பட்ட மதிப்பை ஊகித்துவிட முடிந்தது. யார் எந்தப் புலத்தின் மீது நிபந்தனை வைக்கலாம் என்பதையே கட்டுப்படுத்தும் புதிய விதிகளை சர்வீஸ்நவ் இதனையொட்டிச் சேர்த்தது.

விரைவு

பதிவுகளை எண்ணுவதற்கு 'கெட்ரோகவுன்ட்' வழிமுறை இருப்பினும், அதற்காக விடைத்தொகுதி முழுவதும் வினவப்படுகிறது. எண்ணிக்கை மட்டும் போதுமெனில் தரவுத்தளத்தையே எண்ணச் சொல்லும் கிளைடுஅக்ரிகேட் இனக்குழு ஏற்றது. பதிவு ஒன்று உள்ளதா இல்லையா என்று மட்டும் அறிய, 'செட்லிமிட்' மூலம் ஒன்று என வரையறுத்துவிடலாம்.

மடக்கினுள் இன்னொரு வினவலை எழுதுவதே வேகக் குறைவுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது. ஆயிரம் புகார்களுக்கு ஆயிரம் முறை பயனர் அட்டவணையை வினவுவதற்குப் பதிலாக, புள்ளிநடை நிபந்தனையால் ஒரே வினவலில் முடிக்கலாம். 'உள்ளடக்குகிறது' என்ற ஒப்பீடு சொல்லின் நடுவிலும் தேட வேண்டியிருப்பதால் வழக்கமான சுட்டுகளைப் பயன்படுத்த இயலாது. இயன்ற இடங்களில் 'தொடங்குகிறது' என்பதே விரைவானது.

உலாவியில் இயங்கும் நிரல்களுக்கும் கிளைடுரெக்கார்டின் ஒரு சுருங்கிய வடிவம் உண்டு. தேவையற்ற புலங்களையும் வலையமைப்பின் வழியே இழுத்து வருவதால் அதனைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவுறுத்தப்படுகிறது. கிளைடுஅஜாக்ஸ் மூலம் வழங்கியில் உள்ள நிரலை அழைத்து, தேவையான மதிப்பை மட்டும் பெறுவதே சரியான முறை.

பிற தளங்களுடன் ஒப்பீடு

சேல்ஸ்ஃபோர்ஸ் தளத்தில் இதே பணியை ஏபெக்ஸ் என்ற மொழியும், எஸ்ஓகியூஎல் என்ற வினவல் மொழியும் செய்கின்றன. அங்கே வினவலை நிரலுக்குள் நேரடியாக எழுதும்போது புலப்பெயர் தவறாக இருந்தால் நிரலைச் சேமிக்கவே முடியாது. பல வாடிக்கையாளர்கள் ஒரே வழங்கியைப் பகிர்ந்துகொள்வதால், ஒரு பரிவர்த்தனையில் 100 வினவல்கள், 50,000 பதிவுகள் என்பன போன்ற கடுமையான வரம்புகளும் உண்டு. தொடக்க நிலையினருக்கு அவை எரிச்சலூட்டினாலும், மடக்கினுள் வினவும் பழக்கத்தை அவை முதல் வாரத்திலேயே திருத்திவிடுகின்றன. நெட்சூட் தளத்தின் சூட்ஸ்கிரிப்ட் மொழியில் ஒவ்வொரு செயலுக்கும் அலகுகள் கணக்கிடப்பட்டு, ஒதுக்கீடு தீர்ந்ததும் நிரல் நிறுத்தப்படுகிறது. சாப் நிறுவனத்தின் ஏபாப் மொழியிலும் வினவல் நிரலின் ஓர் உறுப்பாகவே அமைந்து, முன்கூட்டியே சரிபார்க்கப்படுகிறது.

சர்வீஸ்நவ் தளத்திலேயே பின்னர் கிளைடுகுவெரி என்ற மற்றோர் இடைமுகம் சேர்க்கப்பட்டது. இது கிளைடுரெக்கார்டின் மீது ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே கட்டப்பட்டது. பிழையை உடனே காட்டுதல், இயல்பான ஜாவாஸ்கிரிப்ட்டாக இருத்தல், சொல்ல வந்ததைத் தெளிவாகச் சொல்லுதல் என்பன இதன் மூன்று கொள்கைகள். இல்லாத புலத்தையோ, புலத்தின் வகைக்குப் பொருந்தாத மதிப்பையோ, தெரிவுப் பட்டியலில் இல்லாத மதிப்பையோ கொடுத்தால் நிரல் அவ்விடத்திலேயே பிழையுடன் நின்றுவிடும். கிடைக்கும் பதிவுகள் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் பொருள்களாதலால் மேலே கூறிய அணிக் குழப்பமும் இல்லை. இதற்கு ஈடாக ஓட்டநேரத்தில் சிறிதளவு கூடுதல் சுமை உண்டு. எனினும், பல ஆண்டுகளாக எழுதிக் குவிக்கப்பட்ட நிரல்கள் கிளைடுரெக்கார்டிலேயே உள்ளதால், புதிதாகக் கற்பவர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

எஸ்கியூஎல்
தொடர்புசால் தரவுத்தளம்
மேகக் கணிமை
ஜாவாஸ்கிரிப்ட்